பழைய கூடா, புதிய கூடா: ஒரு மைலோ டின் தோட்டாக் கூடுகளைப் பற்றி

என் அக்கா மகன் பெர்த்தில் இருக்கிறான். அங்குள்ள சுடும் கிளப்பில் வயதான உறுப்பினர் ஒருவர் விலகியபோது, அவருடைய லீ-என்ஃபீல்டு நம்பர் 4 துப்பாக்கியை முறைப்படி உரிமம் மாற்றி வாங்கிக்கொண்டான். அதோடு ஒரு மைலோ டின் நிறையக் காலித் தோட்டாக் கூடுகளும் வந்திருக்கின்றன. எண்ணிப் பார்த்து 148 என்று எழுதி அனுப்பினான். கேள்வி இதுதான்: "மாமா, பழைய பித்தளைதான் கெட்டி என்று கிளப்பில் சொல்கிறார்கள். கடையில் புதுக் கூடு விலை அதிகம். இந்த டின்னையே கழுவி, பிரைமர் மாற்றி, மருந்து நிரப்பிச் சுடலாமா? இல்லை, புதுசு வாங்க வேண்டுமா?" (பிரைமர் என்பது கூட்டின் அடியில் உட்காரும், தட்டினால் தீப்பற்றும் சின்ன மூடி. மருந்து என்றால் வெடிமருந்து.)

நான் சுங்கை சிப்புட்காரன். தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை கற்றவன். பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவில் பதினெட்டு ஆண்டுகள் இயந்திரப் பட்டறையில் இருந்தேன். அந்தக் காலத்தில் கிளப் போட்டிகளுக்கு இந்தத் துப்பாக்கி சுடும் இதே .303 அங்குலத் தோட்டா ரகத்தை வைத்துச் சுட்டேன், கூடுகளையும் நானே நிரப்பினேன். ஊர் திரும்பும்போது எல்லாவற்றையும் அங்கேயே உரிமம் உள்ளவர்களிடம் கொடுத்துவிட்டேன். இதைப் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். கீழே சொல்வதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் நாட்டில், உரிமத்தோடு, கிளப்பில் சுடுகிறவனுக்கு.

சரி, தம்பி. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சுடுவதற்குப் புதுசு வாங்கு. ஒரே கம்பெனி, ஒரே லாட் எண் (ஒரே தடவையில் செய்த சரக்கு), 100 கூடு. டின்னில் இருப்பவற்றில், அடிப்பக்கத்தில் எச்.எக்ஸ்.பி என்று ஆலை முத்திரை உள்ள கூடுகளை மட்டும் தனியே எடுத்து, நான் சொல்லும் சோதனைகளைச் செய்து பார். மிச்சத்தைச் சுடும் மேசைக்கே கொண்டுவராதே. கூட்டின் வயது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அது எங்கே கிடந்தது, எந்தத் துப்பாக்கியின் சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் குழியில், எத்தனை தடவை வெடித்தது என்பது யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்குப் பயம்.

பழைய பித்தளை கெட்டி என்று சொல்கிறவர்கள் பாட்டி வீட்டுக் குடத்தை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். குடம் தண்ணீரைத் தாங்கினால் போதும். .303 கூடு சதுர அங்குலத்துக்கு 45,000 பவுண்டுக்கும் மேலான அழுத்தத்தைத் தாங்க வேண்டும். உன் கார் டயரில் இருப்பது 32 பவுண்டுதான். அந்த அழுத்தத்தில் கூட்டின் சுவர் விரிந்து சேம்பரோடு ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும், அடுத்த நொடியில் கொஞ்சம் சுருங்கி வெளியே வரவும் வேண்டும். விரியவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இதற்காகத்தான் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு என்ற கலவையை வைத்திருக்கிறார்கள். அந்த விகிதத்தில் பித்தளை நன்றாக இழுபடும்.

ஊரில் கன்னார் பாத்திரம் அடிப்பதைப் பார்த்திருந்தால் மீதி உனக்கே புரியும். அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். ஒரு கட்டத்துக்கு மேல் அடித்தால் விரிசல் விடும், அதனால் நடுவில் நெருப்பில் காட்டி இளக்கிக்கொண்டு மறுபடி அடிப்பார். தோட்டாக் கூடும் அப்படித்தான் பிறக்கிறது. வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, கட்டம் கட்டமாக இழுத்து நீட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் காய்ச்சி எடுப்பார்கள். கடைசியில் அடிப்பகுதி கடினமாகவும் கழுத்து இளக்கமாகவும் இருக்கும்படி முடிப்பார்கள். இழுத்ததால் வந்த இறுக்கம் கொஞ்சம் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த இறுக்கத்தை அவிழ்க்க ஒரு சாவி இருக்கிறது, அதன் பெயர் அமோனியா.

இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையப் பேசப்போகிறேன், ஏனென்றால் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது கையால் தொட்டுத் தெரிந்த விஷயம். ரப்பர் பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா கலப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். உன் அம்மாவும் நானும் சின்ன வயதில் பால் ஸ்டோர் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். நான் வொர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில், பால் ஸ்டோரில் அமோனியாத் தண்ணீர் போகும் குழாயில் ஒரு வால்வு ஒழுகியது. கைவசம் இரும்பு வால்வு இல்லை. ஸ்டோரில் பளபளவென்று ஒரு பித்தளை வால்வு இருந்தது, அதை மாட்டிவிட்டேன். பெரிய ஃபிட்டர் அன்று லீவு. சில வாரம் கழித்து அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "இதைத் திருப்புடா" என்று ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். வால்வின் மேலெல்லாம் நீலப்பச்சை ஈரம். நான் பெரிதாகப் பலம்கூடக் கொடுக்கவில்லை. கழுத்துப் பகுதி அப்படியே கையோடு வந்துவிட்டது. உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால், உள்ளே நீளவாக்கில் முடிபோன்ற கோடுகள் ஓடியிருந்தன. உலோகம் தேயவே இல்லை, கனம் அப்படியே இருந்தது. விரிசல் மட்டும் ஊடுருவிப் போயிருந்தது. "பாலுக்கும் செம்பு ஆகாது, செம்புக்கும் இந்தத் தண்ணி ஆகாது" என்றார் பெரிய ஃபிட்டர். அதுவும் உண்மை. பாலில் துளி செம்பு கலந்தாலும் ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும்.

பல வருஷம் கழித்து, ஆஸ்திரேலியாவில் கூடு நிரப்பப் பழகும்போதுதான் இதே கதை துப்பாக்கித் தோட்டாவுக்கும் நடந்தது என்று தெரிந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலத்தில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருப்பார்களாம். மழை விட்டதும் எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டிருக்கும். பருவமழையோடு வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியா, மழையின் ஈரம், பித்தளைக்குள் தங்கிய இறுக்கம், மூன்றும் சேர்ந்ததால் வந்த வினை என்று 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் விளக்கினார்கள். அதற்குப் பிறகு, குறைந்த சூட்டில் காட்டி உள் இறுக்கத்தைத் தளர்த்தி அனுப்புவது வழக்கமானது.

இப்போது உன் டின்னுக்கு வருவோம். அந்தப் பெரியவர் அதை எங்கே வைத்திருந்தார்? வீட்டு அலமாரியிலா, உர மூட்டை அடுக்கிய ஷெட்டிலா, கோழிக் கொட்டகைக்குப் பக்கத்திலா? உரத்தில் அம்மோனியம் இருக்கும், கோழி எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும். அவருக்கு முன்னால் யாரிடம் இருந்தது? நீ அவரிடம் போன் போட்டுக் கேட்டுவிடலாம். அவருக்கே தெரியாது என்றால், முடிவை உன் கண்ணும் குறடும்தான் சொல்ல வேண்டும்.

டின்னைத் துணியில் கொட்டி, அடி முத்திரைப்படி பிரித்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம். எச்.எக்ஸ்.பி 62, எம்.எஃப் 41, ஆர்.ஜி 23, டி.ஐ 14, முத்திரை தேய்ந்தவை 8. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சின்ன டார்ச்சை எடுத்து, கூட்டின் வாய் வழியாக அடியைப் பார். நடுவில் ஒரே ஓட்டை தெரிந்தால் பாக்ஸர் ரகம். ஓரமாக இரண்டு சின்ன ஓட்டை தெரிந்தால் பெர்டான் ரகம். பாக்ஸர் என்பவர் பிரிட்டிஷ்காரர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கர்கள் பாக்ஸரையும், பிரிட்டிஷ் ராணுவம் பெர்டானையும் வைத்துக்கொண்டது விசித்திரம்தான். பெர்டானில் பிரைமர் மோதும் முனை கூட்டின் அடியிலேயே இருக்கிறது. அதனால் கூட்டை அழுத்திச் சரிசெய்யும் அச்சான உன் டையில் இருக்கும் ஊசி பிரைமரைத் தள்ளாது. நடுவில் ஓட்டையே இல்லாத இடத்தில் முட்டி ஊசிதான் உடையும். தண்ணீர் நிரப்பி அழுத்தி எடுப்பது, கொக்கியால் நெம்புவது என்று வழிகள் உண்டு. ஆனால் அந்த அளவுப் பெர்டான் பிரைமர் கிடைப்பதே அரிது.

உன் எம்.எஃப் கூடுகள் மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரே ஆலையில் செய்தவை. ஆர்.ஜி என்பது இங்கிலாந்தின் ராட்வே கிரீன் ஆலை. ராணுவத்துக்குச் செய்த இந்த இரண்டிலும் உனக்குப் பெரும்பாலும் இரட்டை ஓட்டைதான் தெரியும். அந்த ஒரு காரணமே போதும், 64 கூடும் ஓரமாகப் போய்விடும்.

அதற்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது: பாதரசம். பழைய பிரிட்டிஷ் ராணுவ பிரைமர்களில் பாதரசம் கலந்த வெடிப்பொருள் இருந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டர் உடைந்து, அந்த வெள்ளி முத்து மோதிரத்தில் பட்டால் தங்கம் வெளுத்துப் போவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். பித்தளையிலும் பாதரசம் அதே வேலையைச் செய்யும். கரிமருந்து காலத்தில் ஏராளமான கரி பாதரசத்தை வாங்கிக்கொண்டது. புகையில்லா மருந்து வந்த பிறகு கரி இல்லை, பாதரசம் நேராகச் சுவரில் இறங்கியது. ஒரு தடவை சுட்ட கூடு வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே நொறுங்கத் தயாராக இருக்கும். கழுவினாலும் காய்ச்சினாலும் போகாது. அமெரிக்க ராணுவம் 1898 வாக்கிலேயே பாதரச பிரைமரைக் கைவிடத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். பிரிட்டிஷ் பக்கம் அது வெகு காலம் நீடித்தது. கூடு மேல் அச்சிட்ட வருஷத்தை வைத்து இதில் பாதரசம் இருக்குமா இராதா என்று கணக்குப் போட்டு விளையாடாதே.

பழைய பிரைமர்களில் இன்னொரு வகை, பொட்டாசியம் குளோரேட் கலந்தது. அது கூட்டைவிடத் துப்பாக்கிக் குழலுக்குத்தான் எதிரி. சுட்ட பிறகு உப்பு தங்கும், உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, சுடுதண்ணீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும்.

டி.ஐ 14 கூடும் கனடாவின் டிஃபென்ஸ் இண்டஸ்ட்ரீஸ் செய்தவை. இவை பாக்ஸர், நல்ல வேலைப்பாடு. சேகரிப்பவர்கள் மதிக்கும் கூடுகள். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலச் சரக்கு, எண்பது வயதைத் தொட்டவை. 14 கூட்டை வைத்து ஒரு போட்டிகூடச் சுட முடியாது. முத்திரை நன்றாகத் தெரிகிறவற்றைப் பத்திரமாக வை, கிளப்பில் சேகரிப்பாளர் யாராவது விரும்பிக் கேட்பார். முத்திரை தேய்ந்த எட்டும் உலோகக் கழிவுக்குப் போகட்டும். போகும் முன் குறடால் வாயை நசுக்கிவிடு, இன்னொருவன் எடுத்து நிரப்பிவிடக் கூடாது.

மிச்சம் எச்.எக்ஸ்.பி. கிரீஸ் நாட்டில் 1970-களிலும் 80-களிலும் வந்தவை. பாக்ஸர் பிரைமர், உப்புத் தொல்லை இல்லை, பித்தளையும் தரமானது. .303 சுடுகிறவர்கள் பலர் இதைத் தேடி வாங்குவார்கள். பழசில் எது தேறும் என்று கேட்டால் என் விரல் இதைத்தான் காட்டும். ஆனாலும் சோதனை இல்லாமல் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

கூடு நிரப்பத் தொடங்கிய மூன்றாம் வருஷம். கிளப் நண்பர் ஒருவர் ஒரு பை நிறையக் கூடு கொடுத்தார். "ஒரே தடவை சுட்டது" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். துடைத்து, நிரப்பி, ஞாயிற்றுக்கிழமை சுட்டேன். பத்தாவதோ பதினொன்றாவதோ, சத்தம் கொஞ்சம் மாறியது. முகத்தில் சூடாக ஒரு ஊதல். கண்ணாடி போட்டிருந்தேன், அதனால் ஒன்றும் ஆகவில்லை. சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழான போல்ட்டைப் பின்னால் இழுத்தால் கூட்டின் அடிப்பாகம் மட்டும், ஒரு மோதிரம்போல, வெளியே வந்தது. மீதிக் கூடு சேம்பருக்குள்ளேயே இருந்தது. உடைந்த கூட்டை எடுக்கும் கருவியைக் கிளப்பில் கடன் வாங்கித்தான் எடுத்தேன். அன்று மாலை அந்தப் பையில் மீதியிருந்த கூடுகளில் ஒன்றை வைஸில் பிடித்து, அரத்தால் நீளவாக்கில் பாதியாக ராவினேன். அடிப்பக்கம் சுவர் தடிப்பு, வாய்ப்பக்கம் சீரான தடிப்பு. அடி விளிம்புக்கு மேல் கால் அங்குலத்தில் மட்டும் சுவர் உள்பக்கம் குழிந்து, காகிதத் தடிப்புக்கு வந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு மெல்லிய வெளிர்க் கோடு, அவ்வளவுதான். எத்தனையோ பேரின் சேம்பரில் நீண்டு நீண்டு அந்த நிலைக்கு வந்திருக்கிறது.

லீ-என்ஃபீல்டில் இது ஏன் அதிகம் என்று தெரிந்துகொள். போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருக்கின்றன. வெடிக்கும்போது போல்ட் முழுவதும் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். போர்க்களத்துச் சேறும் அழுக்கும் உள்ளே போனாலும் தோட்டா நுழைய வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாகக் கடைந்திருப்பார்கள். தோட்டாவைப் பிடித்து நிறுத்துவது விளிம்பு மட்டும்தான். ராணுவத்துக்கு அதனால் கவலை இல்லை, ஒருமுறை சுட்டுத் தரையில் விடுகிற கூடு. அதை எடுத்து மறுபடி நிரப்புகிறவனுக்குத்தான் கவலை.

ஆகவே 62 எச்.எக்ஸ்.பி.க்கும் கம்பிச் சோதனை செய். ஒரு பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியை இரண்டு மில்லிமீட்டர் அளவு மடக்கி, மடக்கிய முனையை அரத்தால் கூராக்கு. கூட்டுக்குள் விட்டு அடியில் வைத்து, சுவரில் லேசாக உரசியபடி மேலே இழு. நல்ல கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். கெட்டதில் அடிக்குச் சற்று மேலே ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுவது விரலுக்குத் தெரியும். சந்தேகம் வந்தாலே அந்தக் கூடு போகட்டும்.

அடுத்தது, உருப்பெருக்கிக் கண்ணாடியால் கழுத்தையும், அதற்குக் கீழே கூடு விரியும் இடமான தோளையும் பார். நீளவாக்கில் முடி விரிசல் இருக்கிறதா? உள்ளே பச்சைத் தூள் இருக்கிறதா? பழைய மருந்து கெட்டுப்போனால் அமில ஆவி விட்டு உள்ளிருந்தே பித்தளையை அரிக்கும். ரோஸ் நிறத் திட்டுகள் இருக்கின்றனவா? அந்த நிறத்தைப் பார்த்தால் நீ விட்டுவிட வேண்டும். துத்தநாகம் கரைந்து போய், பஞ்சுபோன்ற செம்பு மட்டும் நிற்கிறது என்று அர்த்தம்.

அந்த ரோஸ் நிறத்தை நான் முதலில் பார்த்தது சுங்கை சிப்புட்டில்தான். இந்த .303 நம்ம ஊருக்குப் புதிதல்ல. 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் ஃபின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டு, அதிலிருந்து அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நம் தோட்டங்களில் காவலுக்கு நின்றவர்கள் பலர் கையில் இந்த ரகம்தான். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது பழைய மரங்களைத் தள்ளி மறுநடவுக்கு மண்ணைக் கிளறினார்கள். வெட்டுக்காரர் ஒருவர் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கூட்டைக் கண்டெடுத்தார். எங்கள் கையில் ஒரு நிமிஷம் இருந்தது. மண்ணைத் தேய்த்த இடத்தில் பித்தளை மஞ்சளே இல்லை, தோல் உரித்த சின்ன வெங்காயம்போல ஒரு ரோஸ். என் கூட்டாளி கழுத்தைக் கிள்ளினான், அப்பளம் மாதிரி விள்ளிக்கொண்டு வந்தது. கிராணி பார்த்துவிட்டுத் திட்டி வாங்கிக்கொண்டு போய்ப் போலீஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டார். வெறும் மண்ணும் மழையும் பதினைந்து இருபது வருஷத்தில் செய்த வேலை அது.

அந்தக் கிள்ளல்தான் உனக்கு மூன்றாவது சோதனை. எச்.எக்ஸ்.பி.யில் இரண்டு கூட்டைப் பலி கொடு. கழுத்தைக் குறடால் மெதுவாக நசுக்கு. நல்ல பித்தளை கிழியாமல் தட்டையாகும். டப்பென்று பிளந்தால் கழுத்து இறுகிவிட்டது, அல்லது உள்ளே விரிசல் இருக்கிறது. இறுக்கம் மட்டும்தான் என்றால் கழுத்தைக் காய்ச்சிச் சரிசெய்யலாம். டிரில்லில் மெதுவாகச் சுழற்றியபடி கழுத்தையும் தோளையும் மட்டும் சில நொடி சுடரில் காட்டினால் போதும். பளிச்சென்று சிவக்கும் வரை விடாதே. அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது. அது இளகினால் பிரைமர் பிடி தளரும், அடியே பிதுங்கும். இதனால்தான் கூட்டை ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்காதே என்று தலைப்பாடாகச் சொல்கிறேன். அப்புறம் இரும்பு வேலை தெரிந்தவர்கள் செய்யும் தவறு ஒன்று: தண்ணீரில் முக்கினால் இறுகும் என்று நினைப்பார்கள். பித்தளை அப்படி இறுகாது. முக்குவது சூடு அடிக்குப் பரவாமல் நிறுத்த மட்டும்தான்.

இவ்வளவும் தாண்டி வந்தால் எச்.எக்ஸ்.பி கூடுகளை மிதமான மருந்தளவில் வைத்துக்கொள்ளலாம்.

இனிப் புதுக் கூடு. பெட்டி திறந்தவுடன் நிரப்பிச் சுட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதே. .303-க்குச் செர்பியாவின் ப்ர்வி பார்ட்டிசான் கூடு தாராளமாகக் கிடைக்கும். நான் பயன்படுத்தியதில் அதுவே நிறைய நாள் உழைத்தது. எந்தக் கம்பெனியானாலும் புதுக் கூடு அளவில் சின்னதாகத்தான் செய்யப்படும், எல்லார் துப்பாக்கியிலும் நுழைய வேண்டுமே. உன் தாராளமான சேம்பரில் அது முதல் தடவை வெடிக்கும்போதுதான் அதிகமாக நீளும். முன்னால் சொன்ன அந்தக் கால் அங்குலக் குழி அந்த முதல் வெடியிலேயே தொடங்கிவிடும். பலர் ஐந்தாவது நிரப்பலில் கூடு பிளந்ததும் பித்தளையைக் குறை சொல்வார்கள். காரியம் முதல் நாளே கெட்டிருக்கும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கூட்டின் உடலில் இறுக்கமாக உட்காரும் மெல்லிய ரப்பர் ஓ-ரிங் ஒன்றை விளிம்பை ஒட்டி மாட்டு. போல்ட்டை மூடும்போது ரப்பர் அமுங்கி, கூட்டைப் பின்னால் போல்ட் முகத்தோடு சேர்த்துப் பிடிக்கும். மருந்துக் கம்பெனிக் கையேட்டில் இருக்கும் ஆரம்ப அளவை வைத்துச் சுடு. கூடு பின்னால் போக இடமில்லாததால், தோள் முன்னால் நகர்ந்து உன் சேம்பரின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு முழு உடலையும் டையில் அழுத்தாதே. கழுத்தை மட்டும் சரிசெய்யும் டை போதும். இனி அந்தக் கூட்டைப் பிடித்து நிறுத்துவது விளிம்பு இல்லை, தோள்தான். அந்த நூறும் உன் துப்பாக்கிக்கு மட்டுமே உரியவை, கிளப்பில் யாருக்கும் கடன் கொடுக்காதே. நம்பர் 4-இல் 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் உண்டு. போல்ட் முகத்துக்கும் கூட்டின் அடிக்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்று அளவுகோல் சொன்னால், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.

புதுக் கூட்டில் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள்: வழியில் நசுங்கிய வாயை வட்டமாக்கு, அடி ஓட்டையில் பிசிறு இருந்தால் எடு, நீளத்தை அளந்துவிடு. அதிகபட்சம் 56.44 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் வெட்டு.

பழசையும் புதுசையும் ஒரே பெட்டியில் கலக்காதே. சுவர் தடித்த கூட்டின் உள்ளே இடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். நம்பிக்கை வரவில்லை என்றால் இரண்டு ரகத்திலும் சுட்ட கூட்டைப் பழைய பிரைமரோடு எடுத்து, வாய்வரை தண்ணீர் ஊற்றி, தராசில் வித்தியாசத்தைப் பார்.

துலக்குவது பற்றிக் கேட்டிருந்தாய். அமோனியா கலந்த மெட்டல் பாலிஷ் வீட்டுக் குத்துவிளக்குக்கு ஆகும், கூட்டுக்கு வேண்டாம். காரணம் இப்போது உனக்குத் தெரியும். புளி போட்டுத் தேய்க்கலாமா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாளாம். புளியின் அமிலம் மென்மையானதுதான், ஆனால் நம் வழக்கப்படி கூடவே உப்பையும் சேர்ப்போம், அது வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம், ஐந்து பத்து நிமிஷம், பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசிக் காயவை. அதிக நேரம் ஊறினால் அந்த ரோஸ் நிறத்தை நீயே வரவழைத்துவிடுவாய். பழைய பிரைமர் கரியில் ஈயம் இருக்கும், அதனால் சமையலறைப் பாத்திரத்தைத் தொடாதே, குழந்தை இருக்கும் இடத்தில் செய்யாதே, கையைச் சோப்பு போட்டுக் கழுவு. வைக்கும் இடம் காய்ந்த பெட்டி. கராஜில் உர மூட்டை, அமோனியா கலந்த தரைத் துடைப்பான், பூனை மண் தட்டு இவற்றின் பக்கம் கூடாது.

பழசை விட்டால் வேறு வழியில்லாத துப்பாக்கிகளும் உண்டு. யாரும் செய்யாத அளவுகள், நூறு வருஷத்துக்கு முந்தைய வேட்டைத் துப்பாக்கிகள். அங்கேகூட நான் முதலில் ஆஸ்திரேலியாவின் பெர்ட்ராம் போல அரிய அளவுகளைச் செய்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பழசைத் தொடுவேன். உன் .303-க்கு அந்த நெருக்கடி கிடையாது. புதுசு கடையில் இருக்கிறது. 100 கூட்டை ஒழுங்காகப் பழக்கி, எத்தனை தடவை சுட்டாய் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், ஒவ்வொன்றும் பல தடவை உழைக்கும். அந்தக் கணக்கில் விலையைப் பார், டின்னில் மிச்சம் பிடிக்கிற காசு பெரிதாகத் தெரியாது.

இந்த வாரம் வேறு எதுவும் செய்யாதே. அந்தப் பெரியவருக்குப் போன் போட்டு, டின் எங்கே இருந்தது என்று கேள். எச்.எக்ஸ்.பி.யில் கம்பி விழுந்ததாகத் தோன்றிய ஒன்று, வழுக்கி வந்த ஒன்று, இரண்டையும் அரத்தால் நீளவாக்கில் பிளந்து, வெயிலில் வைத்துக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. விளிம்புக்கு மேலே அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு மிச்சம் அறுபதைப் பற்றிப் பேசுவோம்.